எல்.சி. அண்ணனும் ஆற்று லைனும்

யார் எதைச் சொன்னாலும் அதை அப்படியே திருப்பிச் சொல்வது அவர் பழக்கம். "வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க, போன தடவை வாங்கின பச்சை வேண்டாம்" என்று மனைவி சொன்னால், செருப்பில் ஒரு காலை நுழைத்தபடியே, "வரும்போது சோப்பு. பச்சை வேண்டாம்" என்பார். அவள் "ஆமா" என்னும்வரை மறுகாலை நுழைக்கமாட்டார். கல்யாணமான புதிதில் தன்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதுண்டு. அப்புறம் பழகிவிட்டது. மகளோ, அப்பாவிடம் எதைக் கேட்டாலும் அது ஒருமுறை எதிரொலித்துவிட்டுத்தான் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டே வளர்ந்தாள்.

இது அவர் வேலை கொடுத்த பழக்கம். ஆற்றங்கரை ஊர் ஒன்றின் சப்-ஸ்டேஷனில் அவர் ஆபரேட்டர். லைன்மேன்கள் அவரை எல்.சி. அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். லைன் கிளியர் என்பதன் சுருக்கம் எல்.சி. கம்பத்தில் ஆள் ஏறுவதற்கு முன்னால், இந்தக் கம்பியில் கரண்ட் இல்லை, நீங்கள் இறங்கும்வரை வரவும் வராது என்று ஆபரேட்டர் கொடுக்கிற வாக்கு அது. லைன் இரண்டு சப்-ஸ்டேஷன்களுக்கு நடுவே ஓடினால் இரண்டு பக்கமும் ஆஃப் செய்ய வேண்டும். இந்தப் பக்கத்து ஆபரேட்டர் போனில் கேட்பார். அந்தப் பக்கத்து ஆபரேட்டர் சுவிட்சை இறக்கி, பூட்டி, கைப்பிடியில் சிவப்புப் பலகையை மாட்டிவிட்டு வந்து சொல்வார். சொன்னதை இவர் வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் வாங்கிய எல்.சி.யைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்கிய ஆள்தான், கொடுத்த ஆளிடம், தன் குரலில். அதற்கும் மாறாத வாசகம் ஒன்று உண்டு: "என் ஆட்கள் எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாங்க. எர்த் எடுத்தாச்சு. லைனைத் திருப்பிக் கொடுக்கிறேன்." இதில் ஒரு வார்த்தை குறைந்தாலும் எதிர்ப்பக்கத்து ஆபரேட்டர் சுவிட்சைத் தொடக்கூடாது.

அவர் பத்தாம் வகுப்போடு இந்த வேலைக்கு வந்தவர். கம்பம் ஏறிப் பார்த்தார், உயரம் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாளே பாதியில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாராம். ஏணி வைத்து இறக்கினார்கள். அந்தக் கதையை அவர் தம்பி இன்றைக்கும் விருந்தாளி வந்தால் சொல்வான். தம்பிக்கு உயரம்தான் தரை. சின்ன வயதிலேயே அணில் என்று பெயர் வாங்கியவன், அண்ணன் விட்ட இடத்திலிருந்து ஏறி லைன்மேன் ஆனான். அண்ணன் பேனல் அறைக்குள் மீட்டர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த ஏற்பாடு இருவருக்கும் பொருந்திவிட்டது. அணில் எந்தக் கம்பத்தின் அடியில் நின்றாலும் வாக்கிடாக்கியில் ஒரே கேள்வி கேட்பான்: "அண்ணே, கிளியரா?" இவர் "கிளியர்" என்றால் ஏறுவான். வேறு யார் சொன்னாலும் பெல்ட்டைக்கூட மாட்டமாட்டான்.

ஊருக்கு மின்சாரம் வந்ததே ஆற்றுக்கு அக்கரையிலிருந்துதான். அக்கரையில் பெரிய சப்-ஸ்டேஷன், இக்கரையில் இது. இரண்டு கரையிலும் இரண்டு உயரமான டவர்கள், நடுவே ஆற்றுக்கு மேலே தொய்ந்து கிடக்கும் கம்பிகள். அதற்கு ஆற்று லைன் என்று பெயர். அக்கரை ஆபரேட்டரின் முகத்தை இவர் பல வருஷம் பார்த்ததே இல்லை. குரல்தான் தெரியும். கொஞ்சம் மூக்கால் பேசும், இருமலோடு தொடங்கும் குரல். எல்.சி. கொடுத்து வாங்கி, நடுநடுவே மழை எப்படி, உடம்பு எப்படி என்று பேசி, ஒருநாள் அந்தக் குரல் "எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்றது. இவர் பழக்க தோஷத்தில் "உங்களுக்கு ஒரு தங்கச்சி இருக்கா" என்று திருப்பிச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் காது சிவந்தார். கல்யாணத்தன்றுதான் மச்சான் இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். "குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லையே மச்சான்" என்று அக்கரைக்காரர் சொன்னதும், இவர் அதையும் திருப்பிச் சொல்ல, பந்தலே சிரித்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. இக்கரைக்குத் தன் பாஷை, தன் குறைகள், தலைநகரத்தின் மேல் தன் கோபம் இருந்தது. அவருக்கும் இருந்தது. ஊர்வலத்தில் ஒருமுறை அவரும் நடந்திருக்கிறார். ஆனால் ஊர்வலம் போய் எங்கே நிற்கும் என்று அவர் யோசித்ததில்லை. ஒரு காலையில் ரேடியோ, இக்கரை இனித் தனி நாடு என்றது. நகராட்சிக் கட்டடத்தில் வேறு கொடி ஏறியது. சப்-ஸ்டேஷன் வாசலில் பெயர்ப்பலகையை அழித்துப் புதுப் பெயர் எழுதினார்கள். பெயிண்ட் காய்வதற்குள் பக்கத்து நாட்டுப் படை எல்லையைத் தாண்டி வந்துவிட்டது. புதிய அரசு கேட்டுக்கொண்டதால் மக்களைக் காக்க வந்த நட்புப் படை என்றது இக்கரை ரேடியோ. அக்கரை ரேடியோ ஆக்கிரமிப்புப் படை என்றது. ஊரில் யாருக்கும் எந்தச் சொல்லைச் சொல்வதென்று தெரியாததால், விருந்தாளிகள் என்றார்கள். பார்த்துச் சிரித்துக்கொள்ளவும், பயந்துகொள்ளவும் அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மகள் அப்போது சட்டம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கல்லூரி இருந்தது தலைநகரத்தில், அதாவது இப்போது அக்கரையில். விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போக முடியாமல் புத்தகப் பையோடு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் ஒரு சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"நாம இப்போ எந்த நாட்டுல இருக்கோம்?"

"யாரைக் கேக்குறீங்கங்கறதைப் பொறுத்துப்பா" என்றாள்.

அவள் விளக்கினாள். ஒரு மக்கள் கூட்டத்துக்குத் தன் வழியைத் தானே தீர்மானிக்கும் உரிமை உண்டு. அதே சமயம் ஒரு நாட்டுக்குத் தன் எல்லை கலையாமல் இருக்கும் உரிமையும் உண்டு. முதலாவது எப்போது இரண்டாவதை வெல்லும் என்பதில் பெரிய பெரிய நீதிபதிகளே சுற்றிச் சுற்றிப் பேசியிருக்கிறார்கள். ஒரு நாட்டுப் படை இன்னொரு நாட்டுக்குள் நுழையக்கூடாது. அங்கிருக்கும் அரசு கூப்பிட்டால் நுழையலாம். ஆனால் கூப்பிட்டது அரசுதானா? அரசென்று எத்தனை நாடுகள் ஒப்புக்கொண்டன? ஒப்புக்கொள்ளவில்லை என்றால் கூப்பிட்டது யார்? அவள் பேசப் பேச அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியில் எதைத் திருப்பிச் சொல்வது என்று தெரியாமல், "அப்போ கிளியர் இல்ல" என்றார்.

"எங்க புரொபசருக்கே கிளியர் இல்லப்பா" என்று சிரித்தாள் மகள். அந்த வீட்டில் கொஞ்ச நாளைக்குக் கடைசியாகக் கேட்ட சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

ஏனென்றால் அடுத்த வாரமே ஆற்றங்கரையில் குண்டு விழுந்தது. யார் போட்டது என்பதற்கு இரண்டு ரேடியோவிலும் இரண்டு பதில். இக்கரை டவரின் கையில் தொங்கிய பீங்கான் இன்சுலேட்டர் சரம் நொறுங்கி, கம்பி ஒன்று டவரின் மேலேயே சாய்ந்துவிட்டது. ஊர் இருண்டது. தண்ணீர் ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் பழைய ஜெனரேட்டர் ஒன்று, ஆஸ்துமாக்காரன் மாதிரி விட்டு விட்டு ஓடியது. இன்சுலேட்டர் சரத்தை மாற்றுவது அணிலுக்கு அரை நாள் வேலை. சாமான் ஸ்டோரில் இருந்தது. ஆளும் இருந்தான். எல்.சி.தான் இல்லை.

அக்கரைக்கும் இக்கரைக்கும் இருந்த போன் கம்பியை இரண்டு அரசும் ஆளுக்கொரு பக்கம் வெட்டிவிட்டிருந்தன. இக்கரையின் புது மின்துறை அமைச்சர், போன மாதம்வரை இதே சப்-ஸ்டேஷனுக்கு இன்ஜினியராக இருந்தவர். கெட்ட மனிதர் இல்லை. எல்.சி. அண்ணனின் மகள் காலேஜில் சேர்ந்தபோது இனிப்பு வாங்கிக்கொடுத்தவர். இவர் அவரிடம் போய், மச்சானோடு ஒரு நிமிஷம் பேச வழி செய்யுங்கள், ஆஃப் செய்துவிட்டேன் என்று அவர் சொன்னால் போதும் என்று கேட்டார். அமைச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்குப் புரியாதாண்ணே? ஆனா நாம போய் அவங்க அனுமதியைக் கேட்டா, நாம இன்னும் அவங்களுக்குக் கீழதான்னு ஆயிடும். ஒரு நாடு இன்னொரு நாட்டு ஆபரேட்டர்கிட்ட அனுமதி கேக்குமா?"

அக்கரையிலும் இதே கதை என்று பிறகு தெரிந்தது. இக்கரையோடு அதிகாரபூர்வமாக ஒரு வார்த்தை பேசினாலும் அதைத் தனி நாடாக அங்கீகரித்த மாதிரி ஆகிவிடும் என்று மச்சானுக்குத் தாக்கீது. இதற்கு நடுவில் விருந்தாளிப் படையின் தொடர்பு அதிகாரி, மொழிபெயர்ப்பாளரோடு சப்-ஸ்டேஷனுக்கு வந்தார். இளம் வயது, மரியாதையான பேச்சு. தங்கள் ஆட்கள் தொலைநோக்கியில் பார்த்துவிட்டதாகவும், கம்பியில் மின்சாரம் இல்லை, ஆளை ஏற்றலாம், தாங்கள் பொறுப்பு என்றும் சொன்னார். கம்பியில் கரண்ட் இருப்பதைத் தொலைநோக்கியில் எப்படிப் பார்ப்பது என்று அணில் கேட்க வாயெடுத்தான். அண்ணன் அவன் காலை மிதித்தார்.

அன்றைக்கு வீட்டில் வைத்து அணில் சொன்னான்: "ஊரே தண்ணி இல்லாம கிடக்குண்ணே. எல்லாரும் என் மூஞ்சியையே பாக்குறாங்க. நீ சொல்லு, ஏறிடறேன்."

"மச்சான் குரல் கேக்காம நான் சொல்லமாட்டேன்."

"கேக்காமலே போனா?"

"நீ தரையிலயே இரு. உன்னை எனக்குத் தெரியும், கரண்ட்டையும் தெரியும். இவங்க யாரையும் எனக்குத் தெரியாது."

அமைச்சருக்கு வழி காட்டியது மகள்தான். அரசுகள் ஒன்றையொன்று ஒப்புக்கொள்ளாவிட்டாலும், சாதாரண ஜனங்களின் பிழைப்புக்கான காரியங்களைச் செய்துகொள்ளலாம், அதனாலேயே அங்கீகாரம் ஆகிவிடாது என்று அவள் படித்திருந்தாள். இரண்டு பக்கத்துக்கும் வெள்ளை வண்டிகளில் போய்வரக்கூடிய நிவாரண அமைப்பு ஒன்று ஊரில் முகாமிட்டிருந்தது. அதன் மூலமாகப் பேசலாம், பேச்சுக்கு முன்னால் ஒரு வாக்கியம் படித்துவிடலாம் என்றாள். அவளையே எழுதச் சொன்னார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அடித்து அடித்து எழுதினாள்: 'இந்த உரையாடல் எந்தத் தரப்பின் சட்ட நிலைப்பாட்டையும் பாதிக்காது, எவரையும் எதனையும் அங்கீகரிப்பதாகாது.' அந்த வாக்கியம் அக்கரைக்குப் போய், ஒரு காற்புள்ளி மாறித் திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டன. தன் கையெழுத்தில் பிறந்த ஒன்று இரண்டு அரசுகளைத் தலையாட்ட வைத்ததில் அவளுக்குப் பெருமை. அப்பாவுக்கும் பெருமைதான். வேலைக்குப் போகிற வழியெல்லாம் அதை மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

குறித்த நாளில் காலையிலேயே சப்-ஸ்டேஷனில் மேசை போட்டார்கள். மேசைமேல் ஒரு சாட்டிலைட் போன். சுற்றிலும் அமைச்சர், தொடர்பு அதிகாரி, அவருடைய மொழிபெயர்ப்பாளர், வெள்ளை வண்டி அமைப்பின் அம்மா. எல்.சி. அண்ணன் சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். அணில் தன் ஆட்களோடு டவர் அடியில் காத்திருந்தான். விடிந்ததும் தொடங்கி மதியத்துக்குள் இறங்கிவிடுவதாகக் கணக்கு.

அப்போதுதான் பெயர்த் தகராறு வந்தது. எந்தச் சப்-ஸ்டேஷனிலிருந்து பேசுகிறோம் என்று இவர் முதலில் சொல்ல வேண்டும். புதுப் பெயரைச் சொன்னால் போனை வைத்துவிடுவோம் என்றது அக்கரை. பழைய பெயரைச் சொல்ல விடமாட்டேன் என்றார் அமைச்சர். 'ஆற்றின் இந்தப் பக்கம்' என்று சொல்லலாமா என்று கேட்டார் வெள்ளை வண்டி அம்மா. 'எல்லையின் இந்தப் பக்கம்' என்றால் சரி என்றார் அமைச்சர். எல்லை என்ற சொல்லே கூடாது என்றது அக்கரை. போன் சூடாகி ஆறியது. டீ வந்தது, மறுபடி வந்தது. எல்.சி. அண்ணன் ஜன்னல் வழியாக வெயில் நகர்வதைப் பார்த்தபடி இருந்தார். இடையில் ஒருமுறை, "ஐயா, நான் பெயரே சொல்ல வேணாம். இருமினாலே மச்சானுக்கு என்னைத் தெரியும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் மட்டும் அதையும் கடமையாக மொழிபெயர்த்தார்.

இன்னொரு விஷயமும் அவர் சொன்னார். ஆற்று லைன் சப்-ஸ்டேஷனுக்கு வருமுன்னே, கரையோரப் பம்ப் ஹவுசுக்கு ஒரு கிளை பிரிகிறது. அந்தக் கிளையின் சுவிட்சையும் இறக்கிப் பூட்டிவிட்டுத்தான் எப்போதும் வேலை தொடங்குவார்கள். இப்போது பம்ப் ஹவுசில் விருந்தாளிப் படை முகாம் போட்டிருந்தது. சுற்றிலும் முள்கம்பி. தொடர்பு அதிகாரியிடம் கேட்டதற்கு, அது ராணுவப் பகுதி, உள்ளே அனுமதி இல்லை, மேலும் அங்கே மின்சாரமே இல்லையே என்று பதில் வந்தது. உண்மைதான். அது கரண்ட்டை வாங்குகிற இடம். அங்கிருந்து எதுவும் வந்ததாகச் சரித்திரம் இல்லை. அவருடைய பயமெல்லாம் அக்கரையின் மேல் இருந்தது. இன்னொருமுறை கேட்டிருக்கலாம். அதற்கொரு தகராறு, அதற்கொரு வாக்கியம், இன்னொரு நாள் என்று ஆகிவிடுமோ என்று நினைத்தார். விட்டுவிட்டார்.

மதியம் சாய்ந்த பிறகு, பெயரில்லாமல், 'ஆற்று லைனின் முனை' என்று சொல்வதாக முடிவாயிற்று. மகள் எழுதிய வாக்கியத்தை இரண்டு பக்கமும் வாசித்தார்கள். பிறகு ஒரு இருமல் கேட்டது.

"ஆத்து லைன்" என்றது மூக்கால் பேசும் குரல். "என் பக்கம் ஆஃப். பூட்டியாச்சு. பலகை மாட்டியாச்சு. ஆள் ஏறலாம்."

இவர் திருப்பிச் சொன்னார். ஒரு சொல்லும் பிசகவில்லை. போனை வைத்ததும் வாக்கிடாக்கியை எடுத்தார். அணில் முந்திக்கொண்டான்.

"அண்ணே, கிளியரா?"

"கிளியர்."

பேனல் அறை ஜன்னலிலிருந்து டவர் தெரியும். அணில் ஏறுவதை அவர் வழக்கமாகப் பார்ப்பதில்லை. அன்று பார்த்தார். தம்பி ஏறியதும் முதலில் எர்த் ராடை மாட்டினான். கம்பியையும் தரையையும் இணைத்துவிடும் அந்தச் சங்கிலி இருக்கும்வரை, வழிதவறி எந்தக் கரண்ட் வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போய்விடும். நொறுங்கிய பீங்கானை இறக்கினார்கள், புதிய சரத்தை ஏற்றினார்கள். கம்பியைத் தூக்கி நிறுத்தி முடுக்கும்போது சூரியன் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. "முடிஞ்சதுண்ணே, எர்த் எடுக்குறேன்" என்றான் அணில். "எர்த் எடுக்குறே" என்றார் இவர். எர்த்தைக் கழற்றிக் கயிற்றில் கீழே அனுப்பினான். மாட்டியிருந்த கப்பி ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுக்கக் கை நீட்டினான்.

அன்று பொழுது சாய்ந்ததும் விருந்தாளிகள் பம்ப் ஹவுசில் முதல்முறையாக விளக்குப் போட்டார்கள். தங்கள் பெரிய ஜெனரேட்டரைப் பம்ப் ஹவுசின் ஒயரிங்கிலேயே சொருகியிருந்தார்கள் என்பது ஊரில் யாருக்கும் தெரியாது. அந்தக் கரண்ட் பம்ப் ஹவுசோடு நிற்காமல், டிரான்ஸ்பார்மரில் பின்வழியாக ஏறி, பல மடங்கு பெருகி, கிளை வழியாக ஆற்று லைனுக்கு வந்துவிட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தவருக்கு ஒரு நீல வெளிச்சம் தெரிந்தது. அப்புறம் சத்தம். பெல்ட் இருந்ததால் அணில் விழவில்லை. தலைதொங்கி ஆடிக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் பம்ப் ஹவுசின் விளக்குகளும் அணைந்தன. ஜெனரேட்டர் நின்றதும் யாரோ அங்கே வேற்றுப் பாஷையில் திட்டுவது காற்றில் கேட்டது.

எல்.சி. அண்ணன் ஓடினார். பாதி வழியில், எதற்காக ஓடுகிறோம், தன்னால் ஏற முடியாதே என்று நினைவு வந்தது. ஓடுவதை நிறுத்தவில்லை. மற்ற லைன்மேன்கள்தான் இறக்கினார்கள். இறக்கும்வரை அவர் டவரின் இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார், முதல் வேலை நாளில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்த மாதிரியே.

உயிர் இருந்தது. வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள். இடது கை விரல்களில் இரண்டைக் காப்பாற்றியிருப்பதாக டாக்டர் சொன்னார். டார்ச் வெளிச்சத்தில் வேலை பார்த்து அவர் கண்கள் சிவந்திருந்தன. இன்னும் ஒரு ஆபரேஷன் வேண்டும், ஆனால் இந்த ஜெனரேட்டரை நம்பித் தொடங்கமுடியாது, கரண்ட் வரட்டும் என்றார்.

மகள் யாரிடம் கேட்பது என்று தேடினாள். அமைச்சர் கண்கலங்கினார். படைக்கும் தங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது, அதன்படி அவர்கள் மேல் இங்கே வழக்குப் போடமுடியாது என்றார். தொடர்பு அதிகாரி வருத்தம் தெரிவித்தார். தங்கள் நாட்டில் புகார் கொடுக்கலாம், ஆனால் அதை இக்கரை அரசு தங்கள் தூதரகம் வழியாக அனுப்ப வேண்டும் என்றார். அதற்கு இக்கரைக்கு அங்கே தூதரகம் வேண்டும். படை அனுப்பிய அந்த நாடே இன்னும் இதைத் தனி நாடாக எழுத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. அக்கரை அரசோ, தன் குடிமகன் ஒருவனுக்கு ஆக்கிரமிப்புப் படையால் நேர்ந்த கொடுமை என்று ரேடியோவில் சொன்னது. அந்தக் குடிமகன் வழக்குப் போட அக்கரைக்கு வரலாமா என்று வெள்ளை வண்டி மூலம் கேட்டதற்குப் பாதுகாப்புக் காரணங்களால் இயலாது என்றது. இக்கரை ரேடியோ அவனை அக்கரைக் குண்டுக்கு இரையானவன் ஆக்கிவிட்டது.

"எல்லாரும் சித்தப்பாவுக்காகப் பேசுறாங்கப்பா" என்றாள் மகள், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில். "ஒருத்தர் கூடக் காது கொடுக்கமாட்டேங்கறாங்க." பிறகு, "நான் எழுதின வாக்கியம் இருக்கில்ல... அதுல எல்லா அரசாங்கத்தையும் பத்திரப்படுத்தினேன். மேல ஏறுறவரைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல" என்றாள். அவளுக்குத் தெரிந்த சட்டத்தில் அப்படியொரு வார்த்தை இருந்ததா, இருந்தும் அவளுக்குத் தோன்றவில்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை. நீ என்ன செய்வே, பம்ப் ஹவுஸ் சுவிட்சை விட்டவன் நான் என்று சொல்ல நினைத்தார். சொன்னால் அவள் அதையும் சேர்த்துச் சுமப்பாள் என்று வாயை மூடிக்கொண்டார்.

லைன் சரியாகத்தான் இருந்தது. அணில் முடுக்கியது ஒன்றும் தளரவில்லை. பம்ப் ஹவுசின் ஜெனரேட்டரை விருந்தாளிகளே பிரித்து எடுத்துவிட்டார்கள். இனி எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தால் கரண்ட் வந்துவிடும். ஆனால் நடந்ததைச் சம்பவம் என்று சொல்வதா, விபத்து என்பதா, தாக்குதல் என்பதா என்று மேலே இழுபறி. எதுவும் சொல்லாமல், பழைய வாசகத்தை மட்டும் படித்துவிட்டுப் போனை வைத்துவிட வேண்டும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். வேறு ஒரு சொல் வந்தால் இணைப்பைத் துண்டிக்க இரண்டு பக்கமும் ஆள்.

அதே மேசை, அதே போன். வெள்ளை வண்டி அம்மா அவர் தோளைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். மகளின் வாக்கியம் வாசிக்கப்பட்டது. இருமல் கேட்டது. மச்சான் காத்திருந்தார்.

"ஆத்து லைன்" என்றார் இவர். "என் ஆட்கள் எல்லாரும்..."

அடுத்த சொல் வரவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த வாசகத்தை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். ஒருமுறைகூடப் பொய்யாகச் சொன்னதில்லை. அந்தச் சொல்லை விட்டுவிட்டுச் சொல்லலாம். விட்டால் மச்சான் புரிந்துகொள்வார், சுவிட்சைத் தொடமாட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச்சோடு நின்றுகொண்டிருப்பார். தொடர்பு அதிகாரி காகிதத்தில் அந்த இடத்தை விரலால் காட்டினார்.

"...பத்திரமா இறங்கிட்டாங்க" என்றார். "எர்த் எடுத்தாச்சு. லைனைத் திருப்பிக் கொடுக்கிறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "உங்க ஆட்கள் எல்லாரும் பத்திரமா இறங்கிட்டாங்க" என்று மச்சான் ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னார். குரலில் சந்தோஷம் வழிந்தது. "எர்த் எடுத்தாச்சு. லைனை வாங்கிக்கிட்டேன். ரேடியோவுல என்னென்னவோ சொன்னாங்க மச்சான், பயந்தே போயிட்டேன். நம்ம அணிலை விட்டா வேற யாரு ஏறியிருப்பா, அவன்கிட்ட..."

போன் செத்தது. யார் பக்கம் துண்டித்தார்கள் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பேனலில் முள்கள் ஏறின. அவர் சிவப்புப் பலகையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இக்கரைச் சுவிட்சை ஏற்றினார். ஊரில் பிள்ளைகள் கத்துவது கேட்டது. அவர் ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

அணில் விழித்திருந்தான். தலைக்கு மேலே குழல்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தபடி இருந்தவன், அண்ணன் வந்து உட்கார்ந்ததும், "நம்ம லைன்தானே?" என்றான்.

"நம்ம லைன்தான்."

"மச்சான் குரல் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. இருமல்தான் அப்படியே இருக்கு."

அணில் லேசாகச் சிரித்தான். பிறகு கட்டுப்போட்ட கையை, அது அங்கே இல்லாத இடத்தில், தூக்கப் பார்த்து விட்டுவிட்டான். அந்த வாசகம் அண்ணனுக்குத் தெரிந்த அளவுக்கு அவனுக்கும் தெரியும்.

"என்னண்ணே சொல்லித் திருப்பிக் கொடுத்தே?" என்றான்.

எது சொன்னாலும் திருப்பிச் சொல்கிறவர், அதைத் திருப்பிச் சொல்லவில்லை. போர்வையின் ஓரத்தை இழுத்துத் தம்பியின் காலை மூடினார். மூடியிருந்த காலையே மறுபடி மூடினார்.